நாயோட தனியா ஒரு ராத்திரி கூடாரம்: குமரி மாவட்டம் குலசேகரம், கீரிப்பாறை பக்கம் எங்க போடலாம்?

தோவாளை_பிச்சி:

நாட்டு நாய், பெட்டை, 3 வயசு, 18 கிலோ. பிப்ரவரி கடைசி வாரம் தனியா ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கணும், நாயும் கூட வரணும். தேசியப் பூங்காவுக்குள்ள அனுமதி வாங்கி நாயைக் கூட்டிட்டுப் போக வழி இருக்கா? காளிகேசம், பாலமோர், மேல் கோதையாறு, எதுன்னாலும் சரி. கையில இருக்கறது 3 பேர் கூடாரம், 5 லிட்டர் கேன் ரெண்டு, சின்ன கேஸ் அடுப்பு, ஆம்னி வண்டி. வேற என்ன வேணும்? காவலுக்கு நாய் இருக்கு, அதனால தனியா தங்கறது பெரிய விஷயமா தெரியல.

வனவரம்பு:

முதலில் ஒரு திருத்தம். தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா ஐந்து: கிண்டி, முதுமலை, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி, முக்குறுத்தி, மன்னார் வளைகுடா. குமரி மாவட்டத்தில் ஒன்றும் கிடையாது. இங்கே இருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், சுமார் 402 சதுர கிலோமீட்டர். பூங்காவோ சரணாலயமோ, உங்கள் கேள்விக்குச் சட்டம் ஒன்றுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 27ஆம் பிரிவு: அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது. எதற்கெல்லாம் சீட்டு தரலாம் என்பது 28ஆம் பிரிவில் இருக்கிறது: வனவிலங்கு ஆய்வு, படம் எடுப்பது, அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு முறையான கொடுக்கல் வாங்கல்.

சுற்றுலா என்று இருக்கிறதே என்பீர்கள். அது வனத்துறை வகுத்த பாதையில், வகுத்த நேரத்தில், வழிகாட்டியோடு போய் வருவது. 2018 மார்ச்சில் நடந்த குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் காளிகேசம்–பாலமோர் உண்டு. இணையத்தில் பதிவு செய்து பகலில் போய் வாருங்கள், நாயை வீட்டில் விட்டுவிட்டு.

சரணாலயத்துக்கு வெளியே உள்ள காப்புக்காடும் திறந்த இடம் இல்லை. அங்கே 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் செல்லும். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களையும் தனியார் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே யாராவது ஒருவர் வாய்வார்த்தையாக "போட்டுக்கோங்க" என்று சொன்னால் அது அனுமதி ஆகாது.

நாய்க்குத் தடை ஏன் என்றால், நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் போகிறது. 2018இல் கிர் காட்டில் 20க்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது ஆய்வில் தெரிந்தது கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ், நாய்களுக்கு வருகிற அதே நோய். செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் அது பரவும். தடுப்பூசி போட்ட நாய் என்றாலும், அது மூத்திரம் விடும் இடமெல்லாம் காட்டு மிருகத்துக்கு "வேறொருவன் வந்துவிட்டான்" என்ற செய்திதான்.

சிரட்டைப்பால்:

வனவரம்பு சட்டம் சொல்லிட்டாவ. நான் அந்தக் கடைசி வரிக்கு வாறேன், "காவலுக்கு நாய்"ன்னு எழுதிருக்கியளே, அதுக்கு. அந்த நெனப்பத்தான் மொதல்ல கழட்டி வைக்கணும்.

சிறுத்தைக்கு நாய் தீனி. மலையடிவாரத்துல ராத்திரி கட்டிப்போட்ட நாயைத்தான் அது மொதல்ல தூக்கும். 2023 ஜூலையில பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துல ஆடு மாட்ட அடிச்சிட்டிருந்த புலியை வனத்துறை பிடிச்சது ஓர்மை இருக்கும். பின்ன ஆனை, கரடி, காட்டுப்போத்து (காட்டுமாடு). நாய் குரைச்சிட்டு அதுக்க முன்னால போவும். அது ஒரு அடி முன்ன வச்சா, நாய் திரும்பி ஓடி வர்ற எடம் உங்க காலடி. பொறத்தால ஆனையும் வரும்.

அதனால காட்டு எல்லையில இருந்து கொறஞ்சது மூணு நாலு கிலோமீட்டர் தள்ளி, நாலு பக்கமும் வீடு உள்ள தனியார் விளை, அதாவது தோட்டம், பாருங்க. குலசேகரம், அருமனை, திருவட்டாறு, வேர்க்கிளம்பி சுத்துவட்டாரத்துல ரப்பர் விளைக்குப் பஞ்சமா? கீரிப்பாறை, சித்தாறு, பேச்சிப்பாறை கரை வேண்டாம். சக்கை (பலா) பழுக்கிற மாசம், கைதச்சக்கை (அன்னாசி) போட்ட விளை, இது ரெண்டும் எங்கயுமே வேண்டாம், ஆனையும் பன்னியும் மணம் பிடிச்சு எறங்கும்.

விளைக்காரர்ட்ட மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, பன்னிக்குக் கம்பி போட்டிருக்கா, கரண்டு உண்டா? ரெண்டு, பக்கத்து விளையில சுருக்கு வச்சிருக்கா? மூணு, அவுட்டுக்காய். தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன்: மாவுக்குள்ளயோ பழத்துக்குள்ளயோ வெடிமருந்து பொதிஞ்சு பன்னி வாற தடத்துல போடுறது. கடிச்சா வாய் போச்சு. சட்டவிரோதம்தான், ஆனா இருக்கு. பன்னியை விட நாய்க்கு மூக்கு கூடுதல், அதான் அதுக்க கேடு. விளையில ஒரு நிமிசம் கூட கயிற அவுத்து விடப்பிடாதுங்கறதுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

தோவாளை_பிச்சி:

சரி, காடு வேண்டாம். குலசேகரம் பக்கம் தெரிஞ்சவங்க விளை ஒண்ணு இருக்கு, ரெண்டரை ஏக்கர், ரப்பர். சுருக்கு, கம்பி பத்தி கேட்டுச் சொல்றேன். நாய்க்கு முன்னாடியே செய்ய வேண்டியது என்ன?

கால்நடைக்_கை:

தடுப்பூசி அட்டையை எடுங்கள். வெறிநோய் ஊசி ஒரு வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும். கூட்டு ஊசியில் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கூட்டு ஊசியிலும் அது இருக்காது. இதுவரை போடவில்லை என்றால் முதல் ஊசி, 2 முதல் 4 வாரம் கழித்து இரண்டாவது, அதன் பிறகு இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். பிப்ரவரிக் கடைசிக்கு இன்றே போனால்தான் சரியாக வரும். ரப்பர் விளை, வாழைத்தோட்டம், வயல் ஓடை எல்லாம் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தேங்கும் இடம். மனிதருக்கும் அதே நோய்தான், காலில் புண் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள்.

அடுத்து உண்ணி. ப்ளூராலனர் மாத்திரை 12 வாரம் தாங்கும், அபோக்சோலனர் ஒரு மாதம். எடைக்கு ஏற்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கொடுத்து ஒரு நாளாவது ஆன பிறகு கிளம்புங்கள். மாத்திரை போட்டாலும் உண்ணி ஏறும், கடித்த பிறகுதான் சாகும். அதனால் இரவு படுக்கும் முன் காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கக்கம், பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது இரண்டும் தப்பு. உண்ணி வயிற்றில் உள்ளதை இரத்தத்துக்குள் கக்கும்.

ஓடைத் தண்ணீரை நாய் நேராகக் குடிக்க விடாதீர்கள். காலில் ஏறும் அட்டை உப்பு பட்டால் விழுந்துவிடும், தொந்தரவு இல்லை. தண்ணீரில் இருக்கும் மூக்கட்டை வேறு. குடிக்கும்போது மூக்குத் துவாரத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் கழித்து ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வரும்போதுதான் தெரியும்.

தண்ணீர்க் கணக்கு: கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, 18 கிலோவுக்கு ஒரு நாளைக்கு சுமார் ஒரு லிட்டர். அது சும்மா படுத்திருக்கும் நாய்க்கு. பிப்ரவரி வெயிலில் நடந்தால் இரண்டரை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் குடிக்க 4, சமையலுக்கும் கழுவவும் 2. ஆக எட்டரை; உங்கள் இரண்டு கேனும் சரி, மிச்சம் ஒன்றரை லிட்டர் சூடு பிடித்தால் நாயை நனைக்க. நம் மாவட்டத்தில் சூட்டை விடப் புழுக்கம் மோசம். நாய்க்கு உடம்பு ஆறுவது பெரும்பாலும் நாக்கு வழியாகத்தான், காற்றில் ஈரம் கூடினால் நாக்கு எவ்வளவு தொங்கினாலும் ஆறாது. இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40.5 தாண்டினால் ஆபத்து. நிழலில் போட்டு, வயிறு, தொடையிடுக்கு, பாதம் நனைத்து விசிறுங்கள், 39.5க்கு வந்ததும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவைப்பது உதவாது, துண்டுக்கு அடியில் சூடு அடைபடும். நிறுத்திய ஆம்னிக்குள் பத்து நிமிடம் கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் மருந்துப் பெட்டியில் உள்ள பாரசிட்டமால், இபுபுரூபன், டைக்ளோபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

கூடாரக்கயிறு:

பெட்டியில 3 பேர்னு போட்டிருந்தா ஒரு ஆளும் ஒரு நாயும்னு படிங்க, ரெண்டு பேர் கூடாரம் பத்தாது. தரை விரிப்புதான் முதல்ல கிழியும். நாய் படுக்கறதுக்கு முன்னாடி மூணு சுத்து சுத்தி நகத்தால பறிக்கும் பாருங்க, அந்த இடத்துல. பழைய சணல் சாக்கு ரெண்டை மடிச்சுப் போட்டா போதும், கடையில விக்கிற மெத்தை எதுவும் தேவையில்ல. நகத்தை ரெண்டு நாள் முன்னாடி வெட்டிடுங்க. அன்னைக்கே வெட்டினா நுனி கூரா இருக்கும்.

கீழ போடற தார்ப்பாய் கூடாரத்தோட அடியை விட நாலு பக்கமும் ஒரு சாண் சின்னதா இருக்கணும். வெளிய நீட்டினா மேலேருந்து வழியற தண்ணி அதுல விழுந்து நேரா உங்க முதுகுக்கு அடியில வந்து நிக்கும். பிப்ரவரியில மழை எங்கன்னு நினைக்காதீங்க, ரெண்டு பருவ மழையும் வாங்கற மாவட்டம் இது.

கட்டறதுக்கு 8 மில்லி கயிறு, ரெண்டரை மீட்டர். ரெண்டு முனையிலயும் சுழலற கொக்கி, இல்லேன்னா அரை மணி நேரத்துல முறுக்கேறி ஒரு முழமா ஆயிடும். கழுத்துப் பட்டையில கட்டாதீங்க, பாடி பெல்ட்ல கட்டுங்க. ராத்திரி ஏதாவது சத்தத்துக்குப் பாய்ஞ்சா 18 கிலோவும் கழுத்துல விழும். கூடாரக் கம்பியிலயோ முளையிலயோ கட்டவே கூடாது, நாய் முயல் பின்னாடி போனா வீடே கூடப் போகும். கழுத்துப் பட்டையில உங்க ஃபோன் நம்பர் பொறிச்ச தகடு மட்டும் இருக்கட்டும்.

சிரட்டைப்பால்:

மரத்துல கட்டுறதுன்னா ஒரு காரியம். ரப்பர் மரத்துல பால் எடுக்க வெட்டு விழுந்த பட்டையில கயிறு உரசப்பிடாது, அந்தப் பட்டைதான் விளைக்காரருக்க சோறு. வெட்டுக்கு நல்லா கீழ, மண்ணுல இருந்து அரை அடி ஒசரத்துல, சாக்கு சுத்தி அதுக்க மேல கட்டுங்க. அதை விட வண்டிச் சக்கரத்துல கட்டுறது உத்தமம்.

ரப்பர் மரம் பாக்கத்தான் நெடுநெடுன்னு நிக்கும், கொம்பு முறியுறதுக்கு ஒரு காத்து போதும். பழைய மரத்துக்கு அடியில கூடாரம் வேண்டாம், விளையில மண்வழி ஓரம் இல்லன்னா வீட்டு முத்தத்துப் பக்கம் வெட்டவெளி பாருங்க. டிசம்பர், ஜனவரியில இலை உதிரும், நீங்க போற நேரம் தரை முழுக்க சருகு கெடக்கும், மேல துளிர் வந்திருக்கும். கூடாரம் போடுற எடத்தச் சுத்தி ஒண்ணரை ஆள் நீளத்துக்குச் சருகு தூத்து எடுங்க. பாம்புக்கும் தீக்கும் ஒரே வேலை. அந்தச் சமயம் துளிர்ல பூசணம் பிடிக்காம இருக்க வெள்ளன கந்தகப் பொடி அடிப்பாவ. அடிக்கிற நாளான்னு கேட்டுக்கிடுங்க, கண்ணு எரியும், நாய் தும்மியே சாவும்.

வெட்டு நடக்குற விளைன்னா வெட்டுக்காரர் தலையில லைட்டு கட்டிக்கிட்டு வெளுக்குறதுக்கு முன்னமே வருவாரு. இருட்டுல ஒத்தை வெளிச்சம் மரம் மரமா நின்னு நின்னு வரும், கத்தி பட்டையில கீறுற சத்தம் மட்டும் கேக்கும். உங்க நாய்க்கு அது பேய்தான். முந்துன நாளே அவரக் கண்டு பேசி, நாயை மணக்க விட்டுப் பழக்கிடுங்க. நாய் நம்ம ஆளுக்க காலக் கடிச்சா ஆசுபத்திரிச் செலவு மட்டும் இல்ல, அந்த விளையில மறுபடியும் யாரும் எடம் தரமாட்டாவ.

ரப்பர் ஷீட் அடிக்கிற புரை (கொட்டகை) பக்கம் போவாதீங்க. பால உறைய வைக்க பார்மிக் ஆசிட் ஊத்துவாவ, டிஷ்ல கெடக்குற தண்ணியும் அதுதான். மரத்துல பால் பிடிக்கிற சிரட்டையில (கொட்டாங்கச்சி) உள்ள பாலை நக்குனா வயித்துல போயி உறைஞ்சு கட்டியாவும். விதை வெடிக்கிற மாசம்னா இன்னொண்ணு, படார் படார்னு சத்தம், நாய் மெரளும், விதையில சயனைடு உண்டு, சவைக்க விடப்பிடாது. பிப்ரவரியில அது இல்ல, போட்டும்.

மணக்குடி_காத்து:

இவ்வளவு தொல்லை எதுக்கு? சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம்னு கடற்கரை கிடக்கே.

வனவரம்பு:

கடற்கரைக்கு நாய் பகலில் போகட்டும். இரவு வேண்டாம். கள்ளக்கடல் என்று நம் மீனவர்கள் சொல்வது, தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பிய அலை இங்கே காற்றே இல்லாதபோது கரை ஏறுவது. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள், அது பட்டப்பகல். தூங்குகிறவருக்கு அலை எச்சரிக்கை தராது. தவிர ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் காலம், கயிறு இல்லாத நாய் மணலைத் தோண்டினால் ஒரு கூடு மொத்தமாகப் போய்விடும்.

தோவாளை_பிச்சி:

விளைக்காரர்ட்ட கேட்டாச்சு. கம்பி இல்ல, சுருக்கு இல்ல, அவுட்டுக்காய் அந்தப் பக்கம் யாரும் வைக்கறதில்லையாம். இந்த மாசம் வெட்டும் நிறுத்திட்டாங்க. ராத்திரி நாய் உள்ளயா வெளியவா? தீ போடலாமா?

கூடாரக்கயிறு:

வெளியதான். கூடாரத்துக்குள்ள நாய் மூச்சு விட்டா விடியறதுக்குள்ள துணி முழுக்க நீர் கோர்த்துச் சொட்டும்.

கால்நடைக்_கை:

சொட்டட்டும். வெளியே கட்டிய நாய் இரவில் மூன்று காரியம் செய்யும்: குரைக்கும், தேரையைக் கவ்வும், பாம்பை நோண்டும். தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும், தலையை உதறும். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து பக்கவாட்டில் தண்ணீர் விட்டு ஐந்து பத்து நிமிடம் கழுவுங்கள், தொண்டைக்குள் ஊற்றாதீர்கள்.

பாம்பு கடித்தால் கதை வேறு. நாயை நடக்க விடக் கூடாது, தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை, எதுவும் வேண்டாம். கண்ணாடி விரியன் என்றால் கடிவாய் வீங்கும், இரத்தம் நிற்காது. கட்டு விரியன் என்றால் வீக்கமே இருக்காது, பின்னங்கால் தள்ளாடும், கண்ணிமை தொங்கும். வீக்கம் இல்லையே என்று காத்திருக்காதீர்கள். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குத்தான் வேலை செய்யும். ரப்பர் சருகில் கிடக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியன் அதில் சேராது. அதற்கு வலிக்கும் இரத்தப்போக்குக்கும் சிகிச்சை, சிறுநீரகத்தைக் கவனிப்பது. கிளம்பும் முன்பே எந்தக் கால்நடை மருத்துவர் இரவில் ஃபோன் எடுப்பார், அவரிடம் மருந்து இருப்பு உண்டா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கடித்தால் 108, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ஆகவே நாய் உள்ளே. நீர் கோர்ப்பதற்கு மேல் ஜன்னல் இரண்டையும் கொசுவலையோடு திறந்து வையுங்கள்.

கூடாரக்கயிறு:

பாம்புன்னதும் ஒத்துக்கறேன். அப்போ சாயங்காலம் ஆறு மணிக்கே தீனி கொடுத்துடுங்க, எட்டரைக்கு ஒரு தடவை கயிறோட வெளிய கூட்டிட்டுப் போய் வந்துட்டா விடியற வரைக்கும் கேக்காது. உள்ள போறப்ப பாடி பெல்ட்டைக் கழட்டாம குட்டைக் கயிறு ஒண்ணை உங்க மணிக்கட்டுல மாட்டிக்கோங்க. ஜிப்பை மூக்காலேயே திறக்கற நாய்கள் உண்டு. ரெண்டு ஜிப் நுனியையும் சேர்த்து ஒரு கொக்கி போடுங்க. வீட்டு மாடியிலயோ முற்றத்துலயோ ரெண்டு ராத்திரி இதே கூடாரத்துல தூங்கிப் பாத்துட்டுக் கிளம்புங்க, துணி சடசடக்கற சத்தம் அதுக்குப் பழகணும்.

சிரட்டைப்பால்:

தீ வேண்டாம். பிப்ரவரி சருகு வெடிமருந்து மாதிரி. கேஸ் அடுப்பு போதும், கூடாரத்துல இருந்து பத்தடி தள்ளி, சருகு தூத்த மண்ணுல, பக்கத்துல ஒரு வாளி தண்ணி. சாப்பாடு, நாய்த்தீனி, கழுவாத சட்டி எல்லாம் ராத்திரி ஆம்னிக்குள்ள. மரச்சீனிக் கிழங்கு அவிச்சா அவிச்ச தண்ணிய நாய் பாத்திரத்துல ஊத்தாதீங்க, அதுலயும் சயனைடு உண்டு.

பீயை அப்படியே விட்டுட்டு வரப்பிடாது. முக்கால் அடி குழி, ஓடையில இருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி, மூடி மிதிச்சு விடணும். வெறுங்காலோட நடக்குற ஆளுங்க வேலை செய்யுற எடம், கொக்கிப்புழு ஏறும்.

தோவாளை_பிச்சி:

எல்லாம் குறிச்சாச்சு. லெப்டோ முதல் ஊசி நாளைக்கு. கடைசியா ஒண்ணு: நாய்க்குத் தண்ணி வைக்கப் பாத்திரம் தனியா தூக்கணுமா, விளையிலயே சிரட்டை நிறைய கிடக்குமே?

சிரட்டைப்பால்:

வேண்டாம். அதுல பழைய பால் ஒட்டிருக்கும், அம்மோனியா பட்டிருக்கும். வெட்டு நிறுத்துன விளையில மழைத்தண்ணி கட்டிக் கொசு வைக்காம இருக்க மரத்துல கவுத்து வச்சிருப்பாவ. கவுத்தபடியே இருக்கட்டும், ஒண்ணையும் நிமுத்தாதீங்க. வீட்டுல இருந்து எவர்சில்வர் கிண்ணம் ஒண்ணு எடுத்துக்கிடுங்க.